வாசகர் கேள்வி பதில்: யமாட்டோவின் வயிற்றுக்குள் எத்தனை விமானங்கள்?

ஜப்பானிய அனிமே தொடர்களில் வரும் விண்கப்பல்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே அமைந்துவிட்டன. சிறு விமானங்களை நிறுத்திவைக்கும் கூடம்தான் அந்த இடம். பீரங்கியைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ஒரு கப்பலை வரைந்தவர் மனத்தளவில் அதற்குள் நடந்து பார்த்திருக்கிறாரா என்பது அந்தக் கூடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கொட்டகை என்றும் கொட்டில் என்றும் தமிழில் எழுதலாம் என்றாலும், எல்லோருக்கும் பழகிய ஹேங்கர் என்ற சொல்லையே ஆள்கிறேன்.

கேள்வி: 1974-இல் வெளிவந்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடரை அண்மையில்தான் முழுமையாகப் பார்த்தேன். கப்பலின் நீளம் 265.8 மீட்டர் என்கிறார்கள். ஆனால் அடிவயிற்றுக் கதவு திறந்ததும் பிளாக் டைகர் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இத்தனையும் உள்ளே எங்கே இருந்தன?

பதில்: முதலில் கப்பலுக்குள் எந்தெந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது என்று பார்ப்போம். முன்பகுதியை அலையியக்கப் பீரங்கியின் நீண்ட குழல் எடுத்துக்கொள்கிறது. பின்பகுதியின் பெரும்பங்கை அலையியக்க எஞ்சின் அடைத்துக்கொள்கிறது. நடுவில் மேல்தளத்துப் பீரங்கிக் கூண்டுகள் இருக்கின்றன. ஒரு கூண்டு என்றால் வெளியே தெரியும் பகுதி மட்டும் கணக்கில்லை, அதன் கீழே தூண்போல இறங்கும் சுழல் பீடமும் குண்டு அறைகளும் சேர்ந்ததுதான் கூண்டு. இவையெல்லாம் போக மிஞ்சுவது எஞ்சினுக்குக் கீழே, பின்புற அடிவயிறு மட்டுமே. ஓவியர்கள் கதவை அங்கே வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு முன்மாதிரி கடலில் இருந்தது. 1945 ஏப்ரல் 7 அன்று மூழ்கிய யமாட்டோ என்ற உண்மையான போர்க்கப்பல் 263 மீட்டர் நீளமும் 38.9 மீட்டர் அகலமும் உடையது. அதன் பின்தளத்துக்கு அடியில் ஏழு மிதவை விமானங்கள் வரை வைக்கக்கூடிய ஹேங்கர் இருந்தது. பின்தளத்தின் இரு ஓரங்களிலும் விமானத்தை உந்தி எறியும் இரண்டு கேட்டபுல்ட்கள், கடைக்கோடியில் ஒரு கிரேன். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்கள் பலவற்றில் விமானங்களும் படகுகளும் திறந்த தளத்திலேயே நிற்கும். யமாட்டோவிலோ படகுகளைக்கூடப் பின்புறத்தில் தளத்துக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். 46 சென்டிமீட்டர் பீரங்கி வெடிக்கும்போது எழும் காற்றதிர்வு வெளியே இருக்கும் மெல்லிய பொருள் எதையும் நொறுக்கிவிடும் என்பதே காரணம். குரே நகரத்து அருங்காட்சியகத்தில் 26.3 மீட்டர் நீளத்தில், பத்தில் ஒரு பங்கு அளவில் செய்துவைத்திருக்கும் அந்தக் கப்பலின் பின்புறத்தைச் சுற்றி நான் நெடுநேரம் நின்றேன். எல்லோரும் முன்னால் நின்று பீரங்கிகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, பின்னால் தளமும் கிரேனும் கேட்டபுல்ட்களும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கின்றன என்பதைப் பார்த்தபோதுதான், அனிமேயின் யமாட்டோ பின்தளத்தில் அதே இரண்டு கேட்டபுல்ட்கள் இருப்பதன் பொருள் எனக்கு விளங்கியது. காஸ்மோ ஜீரோ என்ற போர் விமானம் மேலே இருந்து பறக்கிறது. மற்றவை கீழே இருந்து பறக்கின்றன. பழைய கப்பலின் பழக்கத்தை விண்கப்பல் மறக்கவில்லை.

இனி உங்கள் எண்ணிக்கைக் கேள்விக்கு வருகிறேன். தாராளமாகவே, 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள கூடம் ஒன்றை அந்த அடிவயிற்றில் வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் வரைபடத் தாளில் அதை வரைந்துகொண்டு, இறக்கையை மடக்கிய ஒரு போர் விமானத்துக்கு 14 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கிட்டு, பழைய காலண்டர் அட்டையில் அம்பு வடிவத் துண்டுகளை வெட்டி அடுக்கிப் பார்த்தேன். நேராக அடுக்கினால் எட்டு நின்றன. மூக்குகளை எதிரெதிராகச் செருகி, ஒன்றின் வாலிடுக்கில் மற்றொன்றின் மூக்கை நுழைத்தால் பதினொன்று வரை திணிக்க முடிந்தது. ஆனால் மூன்றாவது விமானம் பழுது, ஆறாவதை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு துண்டுகளை நகர்த்திப் பார்த்தபோது, ஒன்றைத் தூக்கி மேசைக்கு வெளியே வைக்காமல் அடுத்ததை அசைக்கவே முடியவில்லை. சந்தைக்குப் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் சுவரோரமாக மாட்டிக்கொண்ட வண்டிக்காரரின் நிலைதான். எந்த விமானத்தையும் மற்றவற்றைத் தொடாமல் வெளியே எடுக்க வேண்டும் என்றால் நடுவே ஒரு வழி விட வேண்டும்; வழி விட்டதும் கூடத்தில் நின்றவை நான்குதான்.

ஹேங்கரின் கொள்ளளவைப் பற்றிப் பேசும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அங்கே இடம் என்றால் வழி. கடலில் ஓடும் விமானந்தாங்கிகளிலும் இதே நிலைதான். நிமிட்ஸ் வகைக் கப்பலின் ஹேங்கர் சுமார் 208 மீட்டர் நீளமும் 33 மீட்டர் அகலமும் கொண்டது. அப்படியிருந்தும் அந்தக் கப்பலின் விமானங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அதற்குள் அடங்குவதில்லை, கணிசமானவை மேல்தளத்திலேயே நிற்கின்றன. எந்த விமானம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள, தள வரைபடம் ஒட்டிய ஒரு மேசையில் விமான வடிவத் துண்டுகளை வைத்து நகர்த்தும் முறை அமெரிக்கக் கடற்படையில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ‘ஒய்ஜா போர்டு’ என்று பெயர். எரிபொருள் வேண்டும், பழுதுபார்க்க வேண்டும் என்பதையெல்லாம் துண்டின்மேல் ஒரு நட்டையோ வாஷரையோ வைத்துக் குறிப்பார்கள். கணினி வந்த பிறகும் அந்த மேசை நிலைத்திருந்தது என்பதே, கையால் நகர்த்திப் பார்ப்பதில் உள்ள தெளிவுக்குச் சான்று.

ஆகவே 265.8 மீட்டர் யமாட்டோவில் ஓர் அடுக்கு என்றால் நான்கு முதல் எட்டு, இரண்டு அடுக்கு என்றால் அதைப்போல் இருமடங்கு என்பதே என் கணக்கு. ஜப்பானிய விமானந்தாங்கியான ஷோகாகுவில் இரண்டடுக்கு ஹேங்கர் இருந்தது. ஆனால் கீழடுக்கு விமானம் ஒவ்வொன்றும் லிஃப்டுக்காகக் காத்திருக்க வேண்டும். திரையில் நாம் பார்க்கும் வேகத்தில் அவை பாய்ந்து வர இயலாது. 2012-இல் தொடங்கிய ‘யமாட்டோ 2199’ மறுஆக்கத்தில் கப்பலின் நீளத்தை 333 மீட்டர் ஆக்கினார்கள். நீளம் கால் பங்கு கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். அதே வடிவத்தில் நீளம் கால் பங்கு கூடும்போது தரைப்பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேலும், உள்கொள்ளளவு ஏறக்குறைய இரு மடங்கும் ஆகிவிடும். உள்ளே ஓர் அடுக்குக்கு இரண்டு அடுக்காக அமைக்க அது போதும்.

கேள்வி: இறக்கை மடக்குவதால் உண்மையிலேயே அவ்வளவு இடம் மிச்சமாகுமா?

பதில்: மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, லிஃப்டுக்குள் நுழைய முடியும். ஜீரோ போர் விமானத்தின் 21-ஆம் வகைக்கு இறக்கை விரிவு 12 மீட்டர். அதன் இறக்கை நுனிகள் இரண்டும் பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் மட்டும் மேல்நோக்கி மடியும். ஒரு மீட்டர் குறைப்பதற்காக இரண்டு கீல்கள்; கப்பலின் லிஃப்டில் ஓரம் உரசாமல் ஏற்றி இறக்கவே அந்த ஏற்பாடு. பின்னாளில் வந்த 52-ஆம் வகையில் இறக்கையையே 11 மீட்டராகக் குறுக்கிவிட்டார்கள், கீலும் போயிற்று. யமாட்டோ 2199-இல் வரும் காஸ்மோ ஜீரோவுக்கும் ‘52-ஆம் வகை’ என்றே பெயர் சூட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

1982-இல் வந்த மேக்ராஸ் தொடரின் வால்கிரி விமானத்துக்கும் கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். இறக்கையை விரித்தால் 14.78 மீட்டர், முழுவதும் பின்னுக்குத் தள்ளினால் 8.25 மீட்டர். அமெரிக்காவின் எஃப்-14 விமானம் இதே முறையில் 19.5 மீட்டரிலிருந்து சுமார் 10 மீட்டருக்குச் சுருங்கும். அதன் இறக்கையைப் பறக்கும்போது பின்னுக்குத் தள்ளக்கூடிய எல்லை ஒன்று, நிறுத்திவைக்கும்போது அதற்கும் மேலே தள்ளக்கூடிய எல்லை வேறொன்று. ஹேங்கருக்காகவே ஒரு தனிக் கோணம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: யமாட்டோ 2199-இல் காஸ்மோ ஃபால்கன் விமானங்கள் துப்பாக்கியின் சுழல் குண்டுக்கூடு போன்ற அமைப்பில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இது நடைமுறைக்கு ஒத்துவருமா, அல்லது அழகுக்காக மட்டும்தானா?

பதில்: மேலே சொன்ன வழிப் பிரச்சினைக்கு இதுவரை எந்த அனிமேயும் தந்த விடைகளில் நேர்மையான விடை இதுவென்று நான் கருதுகிறேன். வட்டமான கூடத்தில் விமானம் வழியைத் தேடிப் போவதில்லை, கூடு சுழன்று விமானத்தை வழிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நடுவழி என்று தனியே ஓர் அங்குலமும் விட வேண்டியதில்லை. ஆறில் எது வேண்டுமோ அதை, மற்ற ஐந்தையும் இடம் மாற்றாமல் வெளியே எடுக்கலாம்.

விலையும் உண்டு. மடக்கிய நிலையில் 5 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள ஆறு விமானங்களை வட்டமாக அடுக்கினால் அந்த உருளையின் விட்டம் ஏறக்குறைய பதினேழரை மீட்டர் ஆகிவிடும். நடுவில் எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட விட்டத்தில் ஒரு வெற்றிடம் நின்றுவிடும். அதை வீணாக்காமல் எரிபொருள் குழாய்களையும் ஏவுகணைகள் ஏற்றும் கருவிகளையும் அந்த அச்சிலேயே வைத்தால், ஆறு விமானங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து ஊட்ட முடியும். அதைவிடக் கவலை தரும் குறை வேறொன்று: சுழலும் பல்சக்கரம் ஒன்று நெரிந்தால் ஆறு விமானங்களும் ஒரே நேரத்தில் சிறைப்படும். சமதளக் கூடத்தில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டால் மற்றவற்றைக் கைகளால் தள்ளியாவது வெளியே கொண்டுவரலாம். போர்க்கப்பல் அடிவாங்குவதற்கென்றே கட்டப்படுவது என்பதால், ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளை வைப்பேன். இடம் சற்று வீணானாலும் பரவாயில்லை.

உருளை வடிவ ஹேங்கர் வெறும் கற்பனையன்று என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பான் கட்டிய ஐ-400 வகை நீர்மூழ்கிகள் 122 மீட்டர் நீளமுள்ளவை. அவற்றின் முதுகில் சுமார் 31 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் விட்டமும் கொண்ட, நீர் புகாத உருளை ஒன்று இருந்தது. அதற்குள் செய்ரான் என்ற தாக்குதல் விமானங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. செய்ரானின் இறக்கை விரிவு 12 மீட்டருக்கும் மேல். அதை 3.5 மீட்டர் குழாய்க்குள் நுழைக்க, இறக்கைகளைச் செங்குத்தாகத் திருப்பி உடலோடு ஒட்டிப் பின்னால் மடித்தார்கள். வால் இறக்கைகளின் நுனிகளையும் செங்குத்து வாலின் உச்சியையும்கூட மடித்தார்கள். மிதவைகளைக் கழற்றி வேறிடத்தில் வைத்தார்கள். நீர்மூழ்கி நீருக்கடியில் இருக்கும்போதே எஞ்சினுக்குச் சூடேற்றிய எண்ணெயைச் செலுத்த ஏற்பாடு இருந்தது, மேலே வந்ததும் உடனே பறக்க வேண்டும் என்பதற்காக. இத்தனைக்குப் பிறகும் மிதவைகளோடு மூன்றையும் ஏவ அரை மணி நேரம் ஆகும். வெளியே பகையான சூழல், உள்ளே அடைத்த காற்று, ஒரே கதவு, வரிசை மாற்ற முடியாத விமானங்கள். விண்கப்பலின் ஹேங்கருக்கு வரலாற்றில் மிக நெருங்கிய உறவு இந்த நீர்மூழ்கிதான். சுழல் கூடு அதன் மிகப் பெரிய குறையான வரிசைச் சிக்கலைத் தீர்த்துவைக்கிறது.

கேள்வி: ஹேங்கர் கதவு திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று என்ன ஆகும்? பல தொடர்களில் பணியாளர்கள் சாதாரண உடையில் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள், அடுத்த காட்சியில் விமானம் வெளியே பறக்கிறது.

பதில்: மேலே நான் எடுத்துக்கொண்ட 60, 20, 8 மீட்டர் கூடத்தையே வைத்துக் கணக்கிடுவோம். அதன் கொள்ளளவு 9,600 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ என்பதால் அந்தக் கூடத்தில் இருக்கும் காற்று மட்டும் பதினொரு டன்னுக்கும் மேல். அதில் ஆக்சிஜன் ஏறக்குறைய 2,650 கிலோ. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை என்று விண்வெளிப் பயணத் திட்டங்களில் கணக்கிடுவது வழக்கம். பழைய யமாட்டோவின் மாலுமிகள் 114 பேர். ஒருமுறை காற்றோடு கதவைத் திறந்தால், அந்த 114 பேரும் ஏறக்குறைய 28 நாள் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜன் விண்வெளியில் கலந்துவிடும். 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கந்தர் கோளுக்குப் போய் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டிய கப்பலுக்கு இது தாங்காது.

பம்பு வைத்து உறிஞ்சிக்கொள்ளலாமே என்பீர்கள். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெற்றிடத்துக்கு வெளியேறும் இடைநிலை அறையான குவெஸ்ட் ஏர்லாக்கில் அப்படித்தான் செய்கிறார்கள்: பெரும்பகுதிக் காற்றை நிலையத்துக்குள் இழுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் வெளியே விடுகிறார்கள். ஆனால் அது இரண்டு பேர் நிற்கும் சிறு அறை. பதினொரு டன் காற்றை உறிஞ்சி முடிக்கும்வரை எதிரி காத்திருக்க மாட்டான். கதவின் பாடும் எளிதன்று. பத்துக்கு ஆறு மீட்டர் அளவுள்ள கதவின்மேல், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 600 டன்னுக்கும் மேற்பட்ட விசை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

என் முடிவான கருத்து இது. பெரிய ஹேங்கர் எப்போதும் வெற்றிடமாகவே இருக்க வேண்டும். விண்வெளி ஓடங்களின் சரக்குக் கூடம், 18 மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் உள்ளது, அப்படித்தான் இருந்தது. மனிதர்கள் முன்னறையில் காற்றோடு இருந்தார்கள், சரக்கு வெற்றிடத்தில் இருந்தது. விமானிகள் கூடத்துக்குள் ஓடிவராமல், சுவரிலிருந்து நீளும் குழாய் வழியாக நேரே விமானி அறைக்குள் இறங்க வேண்டும். வெற்றிடத்தில் இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. 1942 ஜூன் 4 அன்று மிட்வே சண்டையில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் எரிந்தழிந்ததற்கு, நாற்புறமும் அடைத்த ஹேங்கர்களுக்குள் எரிபொருள் நிரப்பிக் குண்டேற்றிய விமானங்கள் நெருக்கமாக நின்றது பெருங்காரணம். காற்றே இல்லாத கூடத்தில் சிந்திய எரிபொருள் பற்றி எரிய ஆக்சிஜன் கிடைக்காது.

எஞ்சுவது பழுதுபார்க்கும் வேலை. விண்வெளி உடையின் கையுறையோடு ஒரு சிறு திருகைக் கழற்றுவது எவ்வளவு களைப்பூட்டும் வேலை என்பதை விண்வெளி வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கூடத்தின் ஒரு பக்கத்தில், ஒரே ஒரு விமானம் மட்டும் நுழையக்கூடிய காற்றறை ஒன்றை, 16 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்தில் பட்டறையாக வைக்கலாம். அதன் காற்று ஒரு டன்னுக்குச் சற்றே மேல். அவசரமின்றி உறிஞ்சி எடுக்கலாம். விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்திலும் பெரிய கதவு கிடையாது. கருவிகளையும் சிறு செயற்கைக்கோள்களையும் வெளியே அனுப்ப, நழுவும் மேசை பொருத்திய ஒரு சிறிய ஏர்லாக் மட்டுமே உண்டு. வெளியே தள்ளப்பட்ட பொருளை இயந்திரக் கை வாங்கிக்கொள்கிறது. யமாட்டோவில் தொழில்நுட்ப அதிகாரி சனதாவின் பொறுப்பில் இருக்கும் தொழிற்கூடத்தை இந்தப் பட்டறையின் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தால், உதிரிப் பாகம் செய்த இடத்திலிருந்து நேரே விமானத்துக்குப் போயிருக்கும்.

கேள்வி: குண்டம் போன்ற மனித வடிவ இயந்திரங்களை நிற்கவைத்து அடுக்குவது நல்லதா, படுக்கவைப்பதா?

பதில்: 1979-இல் வந்த முதல் குண்டம் தொடரின் ஒயிட் பேஸ் கப்பல் 262 மீட்டர் நீளமுடையது. முன்னால் நீண்ட அதன் இரண்டு கால்களின் நுனியில் கதவும் கேட்டபுல்ட்டும் இருக்கும். குண்டத்தின் உயரம் 18 மீட்டர். நிற்கவைத்தால் தரையில் அது பிடிக்கும் இடம் மிகக் குறைவு. ஆனால் கூரை இருபது மீட்டருக்கு மேல் உயர வேண்டும். படுக்கவைத்தால் கூரை தாழும், தரை போய்விடும், பழுதுபார்ப்பவர்கள் முதுகுப் பக்கத்தை எட்டவே முடியாது. ஆகவே நிற்கவைப்பதே சரி.

யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயர அசையும் குண்டம் ஒன்று நின்றது. அதைத் தாங்கி நின்ற இரும்புக் கட்டமைப்பில் பல அடுக்கு நடைமேடைகள் இருந்தன. தலைக்கு நேராக நின்று பார்க்கவும் மேடை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டமைப்பு குண்டத்தைவிடப் பருமனானது என்பதைப் படங்களில் பார்த்தாலே தெரியும். கப்பலுக்குள்ளும் இதே கதிதான். இயந்திரம் தரையில் பிடிக்கும் இடம் சிறிதென்றாலும், அதைச் சுற்றி மார்புக்கு ஒரு நடைமேடை, தோளுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மேக்ராஸின் வால்கிரி இதில் தனிவகை. கால்கள் முளைத்த விமானம் என்பதால் அது பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கும். சாதாரண விமானத்தை இழுவண்டியில் கட்டி முன்னும் பின்னும் திருப்பித்தான் ஒரு மூலையிலிருந்து எடுக்க முடியும். பக்கவாட்டில் நகரும் ஒன்றுக்கு அந்தத் திருப்பமே தேவையில்லை. என் அட்டைத் துண்டுகளை அப்படி நகர்த்திப் பார்த்தேன். வழிக்கு விட்ட இடத்தில் பாதியை மீட்க முடிந்தது.

கேள்வி: மனித வடிவத்துக்கு மாறும் மேக்ராஸ் கப்பலின் கைகளில் ஒன்றாகக் கடற்படை விமானந்தாங்கியையே ஒட்டியிருக்கிறார்களே, அது சரியா?

பதில்: கதைப்படி அது அவசரத்துக்குச் செய்த ஒட்டு. 1,210 மீட்டர் நீளமுள்ள கப்பலோடு தவறுதலாக விண்வெளிக்கு வந்துவிட்ட ப்ரோமிதியஸ், டேடலஸ் என்ற இரண்டு கப்பல்களையும் கைகளாகப் பொருத்திக்கொள்கிறார்கள். ப்ரோமிதியஸில் தளம், லிஃப்ட், ஹேங்கர் எல்லாம் ஏற்கெனவே வேலை செய்யும் நிலையில் இருந்தன. புதிய ஹேங்கர் ஒன்றைக் கப்பலுக்குள் குடைவதைவிடப் பயன்பட்ட ஹேங்கரை வெளியே மாட்டிக்கொள்வது நல்ல பொறியியல்தான். அடிபட்டால் இழப்பதும் கையோடு போகும், உடலுக்குப் பரவாது.

கேள்வி: நான் ஒரு விண்கப்பல் சித்திரக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். விமானங்களை வெளியே அனுப்பும் காட்சிகள் நன்றாக வந்துவிட்டன. அவை திரும்பி வந்து உள்ளே நுழைவதை எப்படிக் காட்டுவது என்று புரியவில்லை.

பதில்: உங்களுக்குப் புரியாதது உங்கள் குறையன்று, பல தொடர்களே அந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அனுப்புவதற்கு ஒரு கதவும் ஓர் உந்தலும் போதும். திரும்ப ஏற்றுவதற்கு, களைத்துப்போன ஒரு விமானியும் அடிபட்ட ஒரு விமானமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் சந்திக்க வேண்டும்.

கடல் யமாட்டோ போன்ற கப்பல்களில் மிதவை விமானம் கப்பலின் அருகே நீரில் இறங்கும். கப்பல் வளைந்து திரும்பி, தன் பின்னால் அலையடங்கிய ஒரு பரப்பை உண்டாக்கித் தரும். விமானம் அதில் மிதந்து நெருங்கியதும் ஒருவர் இறக்கைக்கு நடுவே ஏறி நின்று, ஆடிக்கொண்டு இறங்கும் கிரேன் கொக்கியைக் கையால் பிடித்து மாட்டுவார். இந்தக் காட்சியை நீங்கள் அப்படியே விண்வெளிக்கு எடுத்துச் செல்லலாம். ஏனெனில் உண்மையில் அது நடந்திருக்கிறது. ஜப்பானின் கோனோடோரி சரக்குக் கலம் 2009 செப்டம்பரில் முதன்முறையாக விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, அது தானாக வந்து மோதி இணையவில்லை. நிலையத்துக்குக் கீழே பத்து மீட்டர் தொலைவில் வந்து நின்று, தன் உந்துகருவிகளை நிறுத்திக்கொண்டு, எதுவும் செய்யாமல் மிதந்தது. உள்ளிருந்து வீரர்கள் இயக்கிய இயந்திரக் கை மெல்ல நீண்டு அதைப் பற்றியது. இரண்டும் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தபோதும், ஒன்றைப் பொறுத்து மற்றொன்று அசையாமல் இருந்தது.

ஆகவே ஹேங்கர் கதவை நோக்கி விமானம் பாய்ந்து நுழைவதாக வரைய வேண்டாம். உள்ளே வலை கட்டினாலும் கம்பி கட்டினாலும், ஒரு விமானி சற்றே தவறினால் நின்றிருக்கும் எட்டு விமானங்களும் போய்விடும். கதவுக்கு வெளியே பத்து மீட்டரில் ஒரு சிறு விளக்கு வளையத்தை வரையுங்கள். விமானம் அதற்குள் வந்து எஞ்சினை அணைத்துவிடட்டும். கதவின் மேல்விளிம்பில் மடங்கிக் கிடக்கும் கை நீண்டு வந்து அதன் முதுகிலுள்ள பிடியைப் பற்றட்டும். விமானம் உள்ளே இழுக்கப்படும்போதே இறக்கைகள் மடியட்டும். சுழல் கூட்டில் காலியான இடம் கதவுக்கு நேரே வந்து நிற்கட்டும். அந்தக் கை முழுவதும் நீளவும் மடங்கவும் தேவையான இடத்தை உங்கள் வரைபடத்தில் முதலில் கோடிட்டு ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு விமானங்களை எண்ணுங்கள். அட்டைத் துண்டுகளை வெட்டி நகர்த்திப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். முதல் முயற்சியில் கை விமானத்தின் வாலில் இடித்தால் கதவை ஒரு மீட்டர் அகலப்படுத்திப் பாருங்கள், எனக்கு அதில்தான் சரியாக வந்தது.